பாவு நீலம், ஊடை வெள்ளை: ஜீன்ஸ் துணியின் நீண்ட ஆயுளும் கிழிசலின் விலையும்

நகரி கடைத்தெருவில் ஓர் ஆயத்த ஆடைக் கடையின் வாசலில் தொங்கிய ஜீன்ஸ் கால்சட்டை ஒன்றின் முழங்கால் கிழிசலை, நாற்பது ஆண்டுகள் தறியோடு கழித்த என் பெரியப்பா இரண்டு விரலால் நெருடிப் பார்த்தார். "பாவை மட்டும் அறுத்துட்டு ஊடையை விட்டிருக்காங்கடா," என்றார். கிழிந்த துணியைக் காசு கொடுத்து வாங்குகிறார்களே என்று அவர் கேட்கவில்லை. சுற்றி நின்ற மற்றவர்கள்தான் அதைக் கேட்டார்கள். நெசவாளியான அவருடைய கண், கிழிசலின் குறுக்கே இன்னும் அறுபடாமல் ஓடிக்கொண்டிருந்த வெள்ளை இழைகளின் மேல்தான் முதலில் விழுந்தது.

அவர் கண்டது சரி. டெனிம் என்னும் அந்தத் துணியில் நெடுக ஓடும் பாவு நூலுக்கு நீலச் சாயம் ஏற்றப்படுகிறது. குறுக்கே ஓடும் ஊடை நூல் சாயமின்றி வெள்ளையாகவே விடப்படுகிறது. அதனால்தான் ஜீன்ஸின் வெளிப்புறம் நீலமாகவும் உட்புறம் வெளுப்பாகவும் இருக்கிறது, அதனால்தான் கிழிசலில் வெள்ளை இழைகள் படுக்கைவாட்டில் நிற்கின்றன. இந்தத் துணி நூற்றைம்பது ஆண்டுகளாக மனிதருக்குச் சலிக்காமல் இருப்பதற்கும், அதைப் புதிதாக இருக்கும்போதே தேய்த்தும் கிழித்தும் விற்கும் வழக்கம் தோன்றியதற்கும் காரணத்தைத் தேடினால், இரண்டுக்குமான விடை இந்த நூல் அமைப்பிலேயே கிடைக்கிறது.

எங்கள் பக்கத்தில் இந்தக் கேள்விக்குக் கூடுதலான ஒரு கனம் உண்டு. திருத்தணி 1960-இல் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தது. நகரியும் புத்தூரும் ஆந்திரத்திலேயே நின்றன. எல்லைக்கோடு அப்படி விழுந்ததே தவிர, நகரி, ஏகாம்பரகுப்பம் பக்கத்துத் தறிச் சத்தத்துக்கும் பள்ளிப்பட்டு, பொதட்டூர்ப்பேட்டை, அம்மையார்குப்பம் பக்கத்துத் தறிச் சத்தத்துக்கும் வேறுபாடு இல்லை. வீட்டில் தமிழும் கடைத்தெருவில் தெலுங்கும் பேசி, இரண்டு மாநிலங்களின் துணிச்சந்தையையும் நம்பி வாழும் நெசவுக் குடும்பங்கள் இவை. இங்கே துணியில் விழும் ஓட்டை என்பது கூலியில் விழும் ஓட்டை. நெய்த துணியை மேசையில் விரித்து மடிப்பு மடிப்பாகப் பார்க்கும் இடத்தில், ஓர் இழை அறுந்து ஊடை மிதந்திருந்தாலும் பிடித்தம் உண்டு. நான் சிறுவனாக இருந்தபோது, ஊடை நூலைச் சுமந்து ஓடும் நாடா தடுமாறிப் பாவை அறுத்ததால் வந்த உள்ளங்கையளவு சேதத்துக்காக ஒரு வாரக் கூலியில் பெரும்பகுதியை இழந்து என் அப்பா வீடு திரும்பிய மாலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்தச் சேதமே இன்னொரு துணியில் விலையை உயர்த்துகிறது என்றால், எப்படி என்று தெரிந்துகொள்ளும் உரிமை எங்களுக்கு இருக்கிறது.

முதலில் நெசவைப் பார்ப்போம். லுங்கியும் வேட்டியும் ஒன்றுக்கு மேலே ஒன்றுக்குக் கீழே என்று போகும் சாதா நெசவு. டெனிமில் பாவு இழை பெரும்பாலும் மூன்று ஊடைகளுக்கு மேலே சென்று ஒன்றுக்குக் கீழே இறங்குகிறது. அடுத்த பாவு இழை ஓர் ஊடை தள்ளி அதையே செய்கிறது. இப்படித் தள்ளித் தள்ளி இறங்குவதால் துணியின் மேல் சாய்வான வரிகள் விழுகின்றன. முகப்பில் முக்கால் பங்கு பாவாகவே தெரிவதால் உராய்வின் பெரும்பகுதியைப் பாவே தாங்குகிறது. நூலும் தடித்தது. எங்கள் பக்கத்தில் அறுபதாம் நம்பர், எண்பதாம் நம்பர் நூலில் பழகியவர்களுக்கு, ஏழாம் நம்பர், பத்தாம் நம்பர் நூலைக் கையில் கொடுத்தால் கயிறு போலத் தோன்றும். எண் குறையக் குறைய நூல் தடிக்கும் என்பது இங்கே சிறுபிள்ளைக்கும் தெரிந்த கணக்கு.

ஆனால் நெசவு மட்டும் டெனிமை டெனிமாக்கிவிடவில்லை. அதே நெசவில் கறுப்பிலும் பச்சையிலும் எத்தனையோ துணிகள் வந்து போயின. நிலைத்தது நீலம்; அதுவும் அவுரிச் செடியின் நீலம். அவுரியின் நீலம் மற்றச் சாயங்களைப் போன்றதன்று. அது தண்ணீரில் கரையாது. காரம் சேர்த்து, பிராணவாயுவை நீக்கும் பொருளால் ஒடுக்கினால்தான் கரையும். அப்போது அது நீலமாக இராது, மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கும். அந்தக் கரைசலில் நூலை முக்கி வெளியே எடுத்தால், காற்றுப் பட்டவுடன் பச்சை மறைந்து கண்ணெதிரே நீலம் ஏறும். இன்றைய ஆலைகளில் இந்த ஒடுக்கும் வேலையைச் செய்வன, எங்கள் சாயப்பட்டறைகளிலும் புழங்கும் ஹைட்ரோஸும் காஸ்டிக் சோடாவும்தான். பழைய தென்னிந்தியச் சாயக்காரர்கள் அதே வேலையைச் சுண்ணாம்பையும் வேகவைத்த தகரை விதையையும் தாழியில் சேர்த்து, நாள்கணக்கில் புளிக்க வைத்துச் செய்தார்கள். ஒரு தாழி ஒழுங்காகப் புளித்துவிட்டதா என்பதை மணத்தாலும் நுரையாலும் அறியும் திறமை அவர்களுக்கு இருந்தது.

காற்றுப் பட்டதும் மீண்டும் கரையாத பொருளாகிவிடுவதால், அவுரிச் சாயம் பருத்தி இழையின் உள்ளே ஆழமாக ஊடுருவாமல் மேற்பரப்பிலேயே தங்கிவிடுகிறது. நிறம் அடர வேண்டுமானால் மீண்டும் மீண்டும் முக்கி, மீண்டும் மீண்டும் காற்றில் காட்ட வேண்டும். டெனிம் ஆலைகளில் நூற்றுக்கணக்கான பாவு இழைகளை வடமாகச் சேர்த்து, தொட்டிகளில் முக்கியும் உயரத்தில் ஓடவிட்டுக் காற்றாட வைத்தும் பல சுற்றுகள் இதைச் செய்கிறார்கள். இவ்வளவு செய்த பிறகும் அந்த நூலைக் குறுக்கே வெட்டி உருப்பெருக்கியில் பார்த்தால், வெளியே நீல வளையமும் நடுவே வெண்மையும் தெரியும். இந்த வெண்மைதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. துணி உராயும் இடத்தில் நீல வளையம் துகள் துகளாக உதிர்ந்து, உள்ளிருக்கும் வெண்மை மெல்ல வெளியே வருகிறது. முழங்கால் மடியும் இடம், தொடை மடிப்பு, பர்ஸ் வைக்கும் பை, தரையில் உரசும் கால்விளிம்பு என்று, உடுத்துபவர் எப்படி உட்கார்ந்தார், எப்படி நடந்தார், எதைச் சுமந்தார் என்பதெல்லாம் துணியில் வெளுப்பாகப் பதிகிறது.

துணிக்கடையில் நம் வீட்டுப் பெண்கள் கேட்கும் முதல் கேள்வி "சாயம் போகுமா?" என்பது. அந்தத் தேர்வில் டெனிம் தேறாது. தேறாததே அதன் சிறப்பு என்பதை நான் புரிந்துகொள்ள நீண்ட காலம் ஆயிற்று.

இதற்கு முன்மாதிரி நம் மண்ணிலேயே இருந்தது. சென்னையைச் சுற்றிய பகுதிகளில் கைத்தறியில் நெய்த கட்டம் போட்ட பருத்தித் துணி, மெட்ராஸ் என்ற பெயரோடு அமெரிக்காவுக்குப் போனது. அதன் காய்கறிச் சாயங்கள் சலவையில் ஒன்றோடொன்று கலந்து ஓடியபோது முதலில் புகார்கள் எழுந்தன. பின்னர் விற்பனையாளர்கள் அந்தக் குறையையே பெருமையாக்கி, ஒவ்வொரு சலவையிலும் புது நிறம் காட்டும் துணி என்றும், சாயம் போகும் என்பதற்கு உத்தரவாதம் என்றும் விளம்பரம் செய்தார்கள். 1960-களில் அங்கே கல்லூரி மாணவர்களிடம் அது பெரும் மோகமாக இருந்தது. மாறாத பொருளைவிடத் தன்னோடு சேர்ந்து மாறும் பொருளின் மேல் மனிதருக்கு ஏற்படும் பற்று, ஏதோ ஒரு காலத்துக்கோ நாட்டுக்கோ மட்டும் உரியதன்று.

அவுரியின் கதையிலும் எங்கள் நிலத்துக்குப் பங்குண்டு. கடப்பைச் சீமையில் விளைந்த அவுரி நீலம் ஐரோப்பிய வணிகத்தில் ஊர்ப்பெயர் திரிந்து 'குர்பா' என்ற பெயரில் விலைபோனது. 'இண்டிகோ' என்ற சொல்லின் கிரேக்க வேருக்கே இந்தியாவிலிருந்து வந்தது என்றுதான் பொருள். வங்காளத்தில் 1859-இல் வெடித்த அவுரி விவசாயிகளின் கிளர்ச்சியும், 1917-இல் சம்பாரணில் காந்தி மேற்கொண்ட சத்தியாகிரகமும் இந்த நீலத்துக்குப் பின்னால் இருந்த கொடுமையை வெளிக்கொணர்ந்தன. ஜெர்மானிய வேதியியலாளர் அடால்ஃப் ஃபான் பேயர் ஆய்வகத்தில் அவுரி நீலத்தை உருவாக்கிக் காட்டினார், 1897-இல் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் அதைச் செயற்கையாகத் தயாரித்துச் சந்தைக்கு அனுப்பியது. அதன்பின் இந்திய அவுரி வயல்கள் விரைவாகச் சுருங்கின. இன்று உலகில் விற்கும் ஜீன்ஸ்களில் ஏறத்தாழ எல்லாமே செயற்கை நீலத்தில் தோய்ந்தவை. கடப்பையிலும் திண்டிவனம் பக்கத்திலும் இன்னும் கொஞ்சம் அவுரி விளைகிறது. அதில் ஒரு பங்கு தலைமுடிச் சாயத்துக்கும் போகிறது.

துணியின் பெயர்களும் துறைமுகம் துறைமுகமாக அலைந்தவையே. டெனிம் என்பது பிரான்சின் நீம் நகரத்துத் துணி என்ற பொருள்படும் சொற்றொடரின் சிதைவு என்றும், ஜீன் என்பது இத்தாலியின் ஜெனோவா நகரப் பெயரின் பிரெஞ்சு வடிவத்திலிருந்து வந்தது என்றும் பொதுவாகச் சொல்லப்படுகிறது. நமக்கு நெருக்கமானது மூன்றாவது பெயர்: டங்கரி. பம்பாயின் டோங்ரி பகுதியில் விற்ற முரட்டுத் துணியின் பெயர், கப்பலோட்டிகளின் உடைக்கும் பிறகு உழைப்பாளிகளின் கால்சட்டைக்கும் ஆங்கிலத்தில் நிலைத்துவிட்டது.

கால்சட்டையாக அது உருவெடுத்த கதை பலரும் அறிந்தது. ஆனால் அதில் தையல்காரரின் பங்கு போதிய அளவு பேசப்படுவதில்லை. அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் ரீனோ என்ற ஊரில் ஜேக்கப் டேவிஸ் என்ற தையல்காரர் இருந்தார். விறகு வெட்டும் தன் கணவனுக்குக் கிழியாத கால்சட்டை ஒன்று வேண்டும் என்று ஒரு பெண் அவரிடம் கேட்டார். குதிரைப் போர்வைகளில் அடிப்பதற்காகக் கடையில் வைத்திருந்த செம்புக் குமிழாணிகளை டேவிஸ் பைகளின் மூலைகளில் அடித்துக் கொடுத்தார். அது பரவியதும், காப்புரிமைக் கட்டணத்துக்குப் பணம் போதாமல், தமக்குத் துணி கொடுத்துவந்த சான்பிரான்சிஸ்கோ வணிகர் லீவை ஸ்ட்ராஸுக்கு எழுதினார். இருவர் கூட்டில் 1873 மே 20 அன்று 139121 என்ற எண்ணில் காப்புரிமை பதிவாயிற்று. கிழியாமல் இருப்பதற்காகப் பிறந்த உடை அது என்பதை இங்கே குறித்துவைத்துக்கொள்ள வேண்டும்.

சுரங்கத்திலிருந்தும் மாட்டுப் பண்ணையிலிருந்தும் அது கடைவீதிக்கு வந்த வழியை நீட்டத் தேவையில்லை. 1950-களில் மார்லன் பிராண்டோவும் ஜேம்ஸ் டீனும் திரையில் அணிந்தபோது அது அடங்காத இளமையின் அடையாளமாயிற்று. அடுத்த இருபது ஆண்டுகளில் மாணவர் போராட்டங்களோடும் இசைக் குழுக்களோடும் உலகைச் சுற்றியது. கவனிக்க வேண்டியது அதன் பிறகு நடந்தது. எல்லாரும் அணியத் தொடங்கியதும் பெரும்பாலான மோகங்கள் மடியும், இது மடியவில்லை. வடக்கு லண்டனில் ஆய்வு செய்த டேனியல் மில்லர், சோஃபி உட்வர்ட் என்னும் இரு அறிஞர்கள், மக்கள் ஜீன்ஸைத் தனித்துத் தெரிவதற்காக அணியவில்லை, எந்த இடத்திலும் உறுத்தாத சாதாரண மனிதராக இருப்பதற்காகவே அணிகிறார்கள் என்ற முடிவுக்கு வந்தார்கள். அதே மில்லர் கேரளத்தின் கண்ணூரிலும் தங்கி, உலகையே பிடித்த இந்த உடை அங்கே ஏன் ஓரளவோடு நின்றுவிட்டது என்பதையும் ஆராய்ந்தார். ஈரக்காற்றில் நாள்கணக்கில் காயாத, கையால் துவைத்துப் பிழிய முடியாத ஓர் உடையைத் தாயோ மனைவியோ துவைக்கும் வீட்டில், அந்த எல்லை விளங்கிக்கொள்ளக் கடினமானதன்று.

சாதாரணமானது என்பதும் தனக்கே உரியது என்பதும் ஒன்றுக்கொன்று முரணானவை போலத் தோன்றும். டெனிமில் இரண்டும் ஒன்றாக நிற்கின்றன: கடையில் வாங்கும்போது ஆயிரம் பேருடையது போன்றது, இரண்டு ஆண்டு உடுத்திய பின் வேறொருவருடையது போன்று இராது. இது வெறும் உணர்ச்சிப் பேச்சன்று. அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. ஆய்வாளர்கள், வங்கிக் கொள்ளை ஒன்றின் கேமராப் படத்தில் தெரிந்த ஜீன்ஸின் தையலோரத் தேய்மானத்தைச் சந்தேக நபரின் கால்சட்டையோடு ஒப்பிட்டு அடையாளம் காட்டிய முறையை 1999-இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். தையல் இழுப்பதால் துணி மேடும் பள்ளமுமாகச் சுருங்கி, மேடுகள் மட்டும் வெளுத்து, ஒவ்வொரு கால்சட்டையிலும் வெவ்வேறு வரிசையில் கோடுகள் விழுகின்றன.

இந்தத் தனித்தன்மையைப் போற்றுவதில் ஜப்பானியர்கள் வெகுதூரம் சென்றார்கள். ஒக்கயாமா மாவட்டத்தின் கொஜிமா என்ற ஊர், பழைய நாடாத் தறிகளில் நெய்த டெனிமுக்காகப் பெயர்பெற்றது. நாடாத் தறியில் ஊடை நூல் அறுபடாமல் கரையில் திரும்பி வருவதால் துணிக்குத் தானாகவே உறுதியான கரை அமைகிறது. வேகமான நாடாவில்லாத் தறிகளிலோ ஒவ்வோர் ஊடையும் ஓரத்தில் வெட்டப்படுகிறது. கால்சட்டையின் கீழ்விளிம்பை மடித்தால் தெரியும் அந்தக் கரைக்காக மக்கள் பல மடங்கு விலை தருகிறார்கள். அமெரிக்காவில் அத்தகைய துணியை நெய்துவந்த கோன் நிறுவனத்தின் ஒயிட் ஓக் ஆலை, 1905-இல் தொடங்கியது, 2017-இல் மூடப்பட்டது. எங்கள் ஊரிலும் நாடாத் தறிகளே ஓடுகின்றன. அவற்றைப் பழைய இரும்பு என்று எடை போட்டு விற்றவர்களை நான் அறிவேன். கொஜிமாவில் அதே வகைத் தறியைப் பழுது பார்த்துக் காத்துவருகிறார்கள் என்று பெரியப்பாவிடம் சொன்னபோது, அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

இந்தியச் சந்தைக்கு ஜீன்ஸைப் பரவலாகக் கொண்டுசென்றதில் அகமதாபாத்தின் அர்விந்த் ஆலைக்குப் பெரிய பங்குண்டு. 1980-களின் பிற்பகுதியில் டெனிம் நெய்யத் தொடங்கிய அந்த ஆலை, 1995-இல் 'ரஃப் அண்ட் டஃப்' என்ற பெயரில் தைக்காத ஜீன்ஸை ஒரு பொட்டலமாக விற்றது. துணி, ஜிப், குமிழாணி, பின்னால் ஒட்டும் சின்னம் எல்லாம் உள்ளே இருக்கும். உள்ளூர்த் தையல்காரரிடம் கொடுத்துத் தைத்துக்கொள்ள வேண்டும். ஆயத்த ஜீன்ஸ் வாங்க வசதியில்லாத சிற்றூர் இளைஞனுக்கு அது ஒரு வாசலைத் திறந்தது. தடித்த துணியில் ஊசி முறிந்தாலும் அந்தத் தையலைக் கற்றுக்கொண்ட கைகள் எங்கள் பக்கத்திலும் இருந்தன. அதற்குப் பின் எங்கள் சந்தைகளை நிரப்பியது பெல்லாரி ஜீன்ஸ். 1953 வரை சென்னை மாகாணத்தில் இருந்து, பிறகு மைசூரோடு சேர்ந்த அந்த ஊர், சிறு பட்டறைகளில் வெட்டுவதும் தைப்பதும் சலவை செய்வதுமாகத் தென்னிந்தியாவின் மலிவு ஜீன்ஸுக்கு ஊற்றாக விளங்குகிறது.

சலவை என்ற சொல்லை இங்கே சாதாரணப் பொருளில் கொள்ளக்கூடாது. ஜீன்ஸ் தொழிலில் சலவை என்பது பழமையை உண்டாக்கும் வேலை. ஐந்து ஆண்டு உடுத்தினால் துணியில் இயல்பாக விழும் தேய்மானத்தைச் சில மணிநேரத்தில் வரவழைக்க வேண்டும். வாங்குபவருக்குக் காத்திருக்க நேரமில்லை. முதலில் வந்தது கல்சலவை. எரிமலைக் குழம்பு உறைந்து உண்டான நுண்துளைக் கற்களைக் கால்சட்டைகளோடு பெரிய சுழல் தொட்டியில் போட்டு உருட்டுவார்கள். கற்கள் மேற்பரப்பை உராய்ந்து நீலத்தை உதிர்க்கும். அந்தக் கற்களை வெளுப்புக் காரத்திலோ பெர்மாங்கனேட்டிலோ ஊறவைத்து உருட்டினால் திட்டுத்திட்டாக வெளுக்கும். 1980-களில் ஆசிட் வாஷ் என்று பரவியது அதுவே, பெயரில் ஆசிட் இருந்தாலும் வெளுப்பது பெர்மாங்கனேட்டும் குளோரினும்தான். கற்களுக்குப் பதிலாகப் பருத்தி இழையின் மேற்பரப்பை மட்டும் மெல்லக் கரைக்கும் நொதிகள் பின்னர் வந்தன. தொடை மடிப்பில் பூனை மீசை போல விரியும் வெளுத்த கோடுகளைக் காற்றடைத்த பொம்மைக் காலில் கால்சட்டையை மாட்டி, உப்புத்தாளால் கையாலேயே தேய்த்து வரவழைக்கிறார்கள். குறிப்பிட்ட இடத்தை மட்டும் வெளுக்கப் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசலைத் தெளிக்கிறார்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் கிணற்றில் போட்ட அதே ஊதாப் பொருள்.

கிழிசலுக்கும் ஒரு முறை இருக்கிறது. முழங்காலில் இரண்டு கோடுகளைக் குறித்து, சிறிய அரைக்கும் கருவியாலோ பிளேடாலோ நீலப் பாவு இழைகளை மட்டும் மேலும் கீழும் அறுத்து, நடுவில் துண்டான பாவுகளை ஒவ்வொன்றாக உருவி எடுக்க வேண்டும். ஊடையில் கத்தி பட்டால் அது வெறும் ஓட்டை ஆகிவிடும். படாமல் எடுத்தால் வெள்ளை இழைகள் திரை போல நிற்கும். அதற்குப் பிறகு சலவையில் போட்டால் ஓரம் பிசிறும். பெரியப்பா விரலால் நெருடிக் கண்டுகொண்டது இந்தக் கைவேலையைத்தான். பாவு இழை ஒன்று அறுந்தால் தறியை நிறுத்தி முடிந்துவிட்டு ஓட்டும் பழக்கத்தில் வளர்ந்த ஒருவருக்கு, யாரோ ஒருவர் நாளெல்லாம் உட்கார்ந்து பாவைத் தேடித் தேடி அறுக்கிறார் என்பது எளிதில் மனத்தில் இறங்கும் செய்தியன்று.

இந்த வேலைகளில் மிகக் கொடியது மணல் வீச்சு. அழுத்தக் காற்றில் மணலைத் துணியின் மேல் பீய்ச்சினால் நொடியில் நீலம் உதிர்ந்து பழுப்பேறிய தோற்றம் வரும். அந்த மணலின் நுண்துகள் நுரையீரலில் படிந்து, மீட்க முடியாத தழும்புகளை உண்டாக்கும் நோய் சிலிகோசிஸ். சுரங்கத்திலும் கல்லுடைக்கும் இடங்களிலும் இருபது, முப்பது ஆண்டு வேலை செய்தவர்களுக்கு வரும் நோய் என்று மருத்துவர்கள் அறிந்திருந்தார்கள். கிழக்குத் துருக்கியின் கிராமங்களிலிருந்து இஸ்தான்புல்லுக்கு ஜீன்ஸ் பட்டறை வேலைக்கு வந்த இளைஞர்களுக்கு, அடைத்த அறைகளில் போதிய முகக்கவசம் இன்றிச் சில ஆண்டுகள் வேலை செய்ததிலேயே அது வந்தது. இருபது வயதை எட்டியும் எட்டாமலும் சிலர் இறந்தார்கள். துருக்கிய மருத்துவர்கள் 2000-களின் நடுவில் இதை ஆய்விதழ்களில் வெளியிட்டார்கள். உயிர்பிழைத்த தொழிலாளர்கள் போராடினார்கள். 2009-இல் துருக்கி அரசு டெனிமில் மணல் வீச்சைத் தடை செய்தது. அடுத்த ஆண்டு லீவைஸ், எச் அண்ட் எம் நிறுவனங்கள் அந்த முறையைக் கைவிடுவதாக அறிவித்தன. தடை வந்த நாட்டிலிருந்து வேலை தடை இல்லாத நாடுகளுக்கு இடம்பெயர்ந்ததையும் தொழிலாளர் அமைப்புகள் பதிவு செய்திருக்கின்றன.

உழைத்துத் தேய்ந்த துணியின் தோற்றத்தை உழைக்காமலே பெறுவதற்காக, கண்ணுக்குத் தெரியாத இன்னொருவரின் உடல் தேய்கிறது. கிழிசல் ஜீன்ஸைப் பற்றி நம்மிடையே நடக்கும் பேச்சில் இந்தச் செய்தி வருவதே இல்லை என்பதுதான் எனக்குள்ள வருத்தம். நம் பேச்சு முழுவதும் மானம், மரியாதை பற்றியது. 2021-இல் உத்தரகண்ட் முதலமைச்சராக இருந்த தீரத் சிங் ராவத், கிழிந்த ஜீன்ஸ் அணிந்த ஒரு தாயைக் குறிப்பிட்டுப் பேசியபோது நாடு முழுவதும் வாக்குவாதம் மூண்டது. அந்த வாதத்திலும் துணி எப்படிக் கிழிக்கப்பட்டது என்று கேட்டவர்கள் அரிது.

இருந்தாலும் நம் பெரியவர்களின் வெறுப்பைப் பழமைவாதம் என்று ஒதுக்கிவிடவும் எனக்கு மனமில்லை. "கந்தையானாலும் கசக்கிக் கட்டு" என்ற பழமொழி கிழிசலை இழிவு என்று சொல்லவில்லை. கிழிசலை உடுத்த நேர்ந்தாலும் அதை அழுக்காக விடாதே என்கிறது. கிழிந்ததை மறைக்க முடியாமல் பள்ளிக்கூடம் போன தலைமுறை இன்னும் நம்மோடு இருக்கிறது. சீருடையின் பின்புறத்தில் ஒட்டுப் போட்டிருப்பது தெரியாதிருக்கச் சுவரோரமாக நடந்தவர்களுக்கு, அதே கிழிசலைக் காட்சிக்கு வைப்பது பழைய புண்ணைத் தொடுகிறது. திருமலையில் சேவைகளுக்குச் செல்பவர் வேட்டி, புடவை போன்ற மரபுடையில்தான் செல்ல வேண்டும் என்பதால், எங்கள் பக்கத்துப் பையன்கள் ஜீன்ஸ் அணிந்து பேருந்து ஏறி, பையில் வேட்டியை மடித்து வைத்துக்கொண்டு போவார்கள். இரண்டு உடைக்கும் உரிய இடம் எது என்று அவர்களுக்குத் தெரியும். அதில் குழப்பம் ஏதும் இல்லை.

பங்க் என்ற கலக இசையைப் பின்பற்றிய லண்டன் இளைஞர்கள் 1970-களில் துணியைக் கிழித்து ஊக்கு மாட்டிக்கொண்டது, வேலையில்லாத் திண்டாட்டத்தில் இருந்தவர்களின் கோபம். அவர்கள் கிழித்தது தங்கள் துணியை, தங்கள் கையால். கடைக்கு வந்த கிழிசல் அந்தக் கோபத்தின் உருவத்தை எடுத்துக்கொண்டது, கோபத்தை விட்டுவிட்டது. ஆனாலும் அதை வாங்கும் இளைஞரின் விருப்பம் பொய்யானது என்று நான் நினைக்கவில்லை. கடந்தகாலம் உள்ள ஒரு பொருளை உடம்பில் உடுத்த வேண்டும் என்ற ஆசை உண்மையானது. அதை நாளடைவில் தானே உண்டாக்கிக்கொள்ளும் வாய்ப்பை இந்தத் துணி எல்லாருக்கும் தருகிறது என்பதை அவருக்கு எவரும் சொல்லவில்லை.

தண்ணீர்க் கணக்கும் இதோடு சேர்ந்தது. லீவைஸ் நிறுவனம் 2015-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு ஜீன்ஸ் அதன் வாழ்நாள் முழுவதும் 3,781 லிட்டர் தண்ணீரைக் குடிக்கிறது. அதில் 68 விழுக்காடு பருத்தி விளைவிக்க, 23 விழுக்காடு வாங்கியவர் வீட்டில் துவைக்க. ஆலைச் சலவையின் பங்கு அளவில் சிறியது, ஆனால் தீங்கில் சிறியதன்று, ஏனென்றால் அது சாயமும் காரமும் கலந்து ஓரிடத்தில் வெளியேறும் தண்ணீர். சாயக் கழிவு நொய்யலைக் கெடுத்ததால் 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதை மறந்திருக்க மாட்டோம். சாயப்பட்டறை இருக்கும் எந்த ஊரிலும், எங்கள் ஊர் உட்பட, கிணற்று நீரை முகர்ந்து பார்க்காமல் வாய்க்குக் கொண்டுபோகத் தயங்குவார்கள். இப்போது பெரிய ஆலைகள் லேசர் கதிரால் நீலத்தை எரித்து, மீசைக் கோடுகளையும் கிழிசலின் தொடக்கத்தையும் சில நிமிடத்தில் வரைகின்றன; ஓசோன் வாயுவால் மிகக் குறைந்த தண்ணீரில் வெளுக்கின்றன. உப்புத்தாளும் பெர்மாங்கனேட்டும் இல்லாமல் வேலை முடிவது நல்லதே. ஆனால் அந்த இயந்திரங்களின் விலை பெல்லாரியின் சிறு பட்டறைக்கு எட்டக்கூடியதன்று; மலிவான கிழிசல் இன்னும் கையால்தான் கிழிகிறது.

நான் ஆறு ஆண்டாக அணியும் ஜீன்ஸ் ஒன்று சென்ற ஆண்டு வலது முழங்காலில் தானாகவே கிழிந்தது. மடிப்பில் நீலம் முதலில் போய், பாவு நைந்து, ஒரு நாள் வண்டியில் ஏறும்போது விட்டுவிட்டது. கடையில் தொங்கியதில் போலவே இதிலும் வெள்ளை ஊடைகள் குறுக்கே நின்றன. அவையும் பாதி அறுந்திருந்தன. தையல்காரர் உள்ளே ஒரு துண்டு வைத்து இயந்திரத்தில் அடித்துத் தருவதாகச் சொன்னார். பெரியப்பா அதை வாங்கி வைத்துக்கொண்டு, இரண்டு மாலைகள் திண்ணையில் உட்கார்ந்தார். நீல நூலை நெடுக ஓட்டிப் பாவு பரப்பினார். வெள்ளை நூலைக் கோத்து, மூன்றின் கீழே விட்டு ஒன்றின் மேலே எடுத்து, ஒவ்வொரு வரிக்கும் ஓர் இழை தள்ளி ஊடை போட்டார். முடித்ததும் முகப்பை அதிகம் பார்க்கவில்லை. காலைப் புரட்டி, உட்புறத்தில் வெள்ளை சரியாக விழுந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.